பிடிகம்பியும் நான்காம் சனிக்கிழமையும்

இன்றைக்கும் என் வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போது உள்ளேயிருந்து யாரோ "டீச்சரக்கா" என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கை அப்படியே நின்றுவிடும். உள்ளே ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கூப்பிடுகிறதே.

எழுபதுகளின் கடைசி அது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். தல்லாகுளத்தில், ஒரே வாசலுக்குள் ஏழெட்டுக் குடித்தனம் இருக்கிற ஒரு வளவில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தேன். அந்த வயதில் மற்றவர்களுக்கு எம்பிராய்டரி, எனக்குப் பூட்டு. பழைய இரும்புக் கடையில் சாவி தொலைந்த பூட்டுகளாகப் பார்த்து வாங்கி வந்து, சாவி இல்லாமல் திறந்து பழகுவேன். லீவுக்கு வருகிற அம்மா, "பொம்பளைக்கு இதென்னடி களவாணிப் புத்தி" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வேலைக்கு இரண்டு கம்பி வேண்டும். பூட்டுக்குள் இருக்கிற குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட ஒன்று. சாவித்துளையின் ஓரத்தில் செருகி, சாவி திரும்புகிற பக்கமாக லேசாக அழுத்திக்கொண்டே இருக்க இன்னொன்று. இதை நான் பிடிகம்பி என்பேன். தூக்குகிற கம்பியில்தான் வித்தை இருக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். கிடையவே கிடையாது, பிடிகம்பியில்தான் இருக்கிறது. என்னிடம் மூன்று இருந்தன. ஓட்டைக் குடையின் கம்பியை வளைத்தது ஒன்று. கடிகாரச் சுருளை வெட்டியது ஒன்று. மெல்லிசு, உள்ளே நடப்பதையெல்லாம் விரலுக்குச் சொல்லிவிடும். மூன்றாவது, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியைச் சுத்தியலால் தட்டி வளைத்த முரடு. அதில் ஒன்றும் தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுகூட.

பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குப் போகும்போது பெண்டாட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. வளவே பார்த்தது, வளவே வாயை மூடிக்கொண்டது. நானும்தான். மாமனார் வீட்டோடு அவனுக்குச் சண்டை. பெரியாஸ்பத்திரியில் கிடந்த மாமியாரை மகள் போய்ப் பார்க்கக் கூடாதாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "டீச்சரக்கா, நீங்க சாவி இல்லாம பூட்டைத் தொறப்பீகளாமே?"

கடிகாரச் சுருளில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஸ் பிடித்து ஓடினாள். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, தானாகவே உள்ளே போய் நின்றுகொண்டாள். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பித்தளைப் பூட்டு. அழுத்தியது நான். மூன்று சனிக்கிழமை இப்படி நடந்தது. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு வேறு.

நான்காம் சனிக்கிழமை, திருவாதவூரிலிருந்து கத்திரிக்காய் கொண்டுவருகிற அம்மாள், அந்தப் பெண்ணின் ஊர்க்காரி, ஜன்னலோரம் கூடையை இறக்கிச் சொன்னாள்: "ஏத்தா, ஒங்காத்தா இழுத்துக்கிட்டு கெடக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துரு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண் அழக்கூட இல்லை. "வெரசாக்கா" என்றாள்.

கடிகாரச் சுருளைச் செருகினேன். பதற்றத்தில் மெல்லிய கம்பி நிற்காது. இரண்டு குச்சி ஏறும், மூன்றாவதைத் தொட்டால் எல்லாம் விழும். திரும்பத் திரும்ப விழுந்தது. பாழாய்ப்போன அவசரம், ஸ்போக்ஸ் கம்பியை எடுத்தேன். அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன். வளைத்த இடத்தில் டக்கென்று ஒடிந்து, முனை துளைக்குள் மாட்டிக்கொண்டது. இனி என் கம்பியும் போகாது, அவன் சாவியும் போகாது.

"என்னக்கா சத்தம்?"

சொன்னேன்.

"அப்ப ஒடச்சிருங்கக்கா."

"பொறு தாயி, எடுத்துருவேன்."

கொண்டை ஊசி, ஊக்கு, தையல் ஊசி. கையில் கிடைத்ததையெல்லாம் விட்டு நோண்டினேன். "அவரு அடிச்சா அடிக்கட்டும். ஒடச்சிருங்கக்கா" என்றாள் மறுபடியும். உடைத்தால் பூட்டை உடைத்தவள் என்ற பேர் வரும், வீட்டுக்காரர் காலிபண்ணச் சொல்வார், பள்ளிக்கூடம் வரைக்கும் சேதி போகும். ஒண்டிப் பொம்பளை நான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "இந்தா வந்துருச்சு, வந்துருச்சு" என்று பொய்தான் சொன்னேன். சீ, என்ன மனுஷி நான்! மணி நாலு ஆனது, ஐந்து ஆனது. அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வாசலில் சைக்கிள் சத்தம் வந்ததும் கம்பிகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். எப்போதும் ஏழு மணிக்கு வருகிறவன் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். யாரோ ஆபீசுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒங்காத்தா நாலரைக்குப் போயிருச்சாம். கெளம்பு, கூட்டிட்டுப் போறேன்."

கதவிடுக்கில் பார்த்தேன். சாவியைத் திணித்துப் பார்த்தான், போகவில்லை. குனிந்து துளையைக்கூடப் பார்க்கவில்லை அவன். துவைகல் பக்கம் கிடந்த கருங்கல்லை எடுத்து வந்தான்.

இரண்டே அடி. பூட்டு விழுந்துவிட்டது.