ஓரத்து வரிசை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முழங்கால் போய்விட்டது, கண் மங்கிவிட்டது, கோபம் மட்டும் குறையவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. அப்போது எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் எங்கள் பத்து வீட்டுப் பெண்களும் எனக்கு மண்டோரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவருக்குத்தான் மண்டோர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். காதில் விழும்போது நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது ஜப்பான்காரன் போட்ட சட்டம். முதலில் என் கணவர்தான் பொறுப்பாளர். அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற வீட்டு ஆண்களில் பாதிப் பேர் அதே லோரியில் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் விமானத் திடலுக்கு மண் சுமந்தார்கள். பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். மலாய் சரளமாக வரும், எழுதப் படிக்கத் தெரியும். மற்றப் பெண்கள் ரப்பர் தோட்டம் மூடியதும் பிழைப்புத் தேடி டவுனுக்கு வந்தவர்கள். நாலு மலாய் வார்த்தைக்கு மேல் அவர்களுக்கு வராது. கடையில், ஆபீசில், சோதனைச் சாவடியில், எங்கேயும் நான்தான் வாய் திறப்பேன். யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நான் பாத்துக்கிறேன்."

அரிசி கண்ணில் படாமல் போனதும், வீடுகளுக்குப் பின்னால் கிடந்த தென்னந்தோப்பைச் சுத்தம் செய்து மரவள்ளி நட்டோம். நடுவதற்குக் குச்சி கொடுத்தவர் பக்கத்துக் கம்பத்தில், அதாவது பக்கத்துக் குடியிருப்பில் இருந்த மலாக்கா செட்டி ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, ஆனால் வீட்டுப் பேச்சே மலாய்தான். உள்வரிசைகளுக்கு நல்ல குச்சியாகக் கொடுத்துவிட்டு, காட்டுப்பன்றி நுழைகிற வெளி ஓரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கட்டு கொடுத்தார். அது கசப்பு மரவள்ளி. பன்றி வாய் வைக்காது. கிழங்கும் பெரிதாக விழும். ஆனால் அவித்துத் தின்றால் விஷம். துருவி, ஊறப்போட்டு, பிழிந்து, மாவாக்கிக் காயவைத்தால்தான் வயிற்றுக்கு ஆகும். செடியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிடு என்று இரண்டு தடவை சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லவில்லை. விஷம் என்றால் பயந்துபோய் ஆளுக்கொன்று பேசுவார்கள், அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று நினைத்தேன். இது அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் நிஜம். எந்த வரிசையைத் தோண்டுவது என்று தினமும் காலையில் நான்தான் விரலை நீட்டுவேன். நான் காட்டாத செடியை யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று இருந்தேன்.

என் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். அவள் புருஷனும் சயாமில். நாலு வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். எனக்குப் பிள்ளை இல்லை. காலையில் நான் தோட்டத்தில் நின்று விரல் நீட்டும்போது அதுவும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையால் செடிகளைக் காட்டி அதட்டும். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அப்போது அதில் உறைக்க வேண்டியது எதுவும் உறைக்கவில்லை.

அந்தப் பெண் வேலையில் கெட்டிக்காரி. ஒருநாள் என்னிடம் வந்து, நீங்கள் ஓயாமல் ஆபீசுக்கு அலைகிறீர்கள், எந்த வரிசை எப்போது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தால் நீங்கள் இல்லாத நாளில் நான் பார்த்துக்கொள்வேனே என்று கேட்டாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். ஓரத்து வரிசையை ஏன் தோண்டுவதே இல்லை என்றும் கேட்டாள். என் வார்த்தையையே அவள் எடுத்துச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? சொன்னதச் செஞ்சாப் போதும்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சரிக்கா என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பொறுப்பாளர்கள் எல்லோரும் உடனே டவுன் திடலுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தான். அன்றைக்கு எந்த வரிசை என்று நான் இன்னும் காட்டியிருக்கவில்லை. காட்டிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் வருகிற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டு ஓடினேன். திடலில் எங்களை வெயிலில் நிற்கவைத்தார்கள். பேர் கூப்பிட்டார்கள், குனியச் சொன்னார்கள், மறுபடி பேர் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் பசியோடு இருக்குமே என்று நினைத்தேன். அவர்களாக எதையாவது செய்துகொள்ளட்டும் என்று நினைக்கத் தோன்றவில்லை. நான் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது.

மூன்று மணி வாக்கில் திரும்பி வந்தேன். முதலில் பார்த்தது வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்த ஒருத்தியை. இன்னும் இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பெரிய பானை, பக்கத்தில் கிழங்குத் தோல். நான் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஓரத்து வரிசையில் மூன்று செடி பிடுங்கிக் கிடந்தது.

பிள்ளைகள் அழுகை தாங்காமல் பக்கத்து வீட்டுப் பெண்தான் தோண்டி அவித்திருக்கிறாள். கசந்தது என்று மற்றப் பிள்ளைகள் பாதியில் துப்பிவிட்டன. பெரியவர்கள் கசப்பைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் வாயில் போட்ட எதுதான் கசக்காமல் இருந்தது? அவள் மகள் அம்மா கொடுத்தது என்று முழுவதையும் தின்றிருக்கிறது. நான் வந்தபோது அது அவள் மடியில் கண் செருகிக் கிடந்தது. பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினேன். அவள் என் பின்னால் ஓடிவந்தாள். பாதி வழியில் என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. நான் நிற்கவில்லை. நின்றால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடினேன்.

வாந்தி எடுத்த பெண்கள் ராத்திரிக்குள் தேறிவிட்டார்கள். குழந்தையை மறுநாள் புதைத்துவிட்டு வந்தோம். வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. சரியாக வேகவைக்கவில்லை என்றாள் ஒருத்தி. பானையைக் கழுவியிருக்க மாட்டாள் என்றாள் இன்னொருத்தி. அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயும் தோண்டினாளே, அந்தத் துணிச்சல்தான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று மூன்றாமவள் சொன்னாள். பெற்றவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கேக்காமத் தோண்டுனது தப்புதான்" என்று நான் சொன்னேன்.

என் வாய்தான் அதைச் சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாத தாயைப் பார்த்துச் சொன்னது. உண்மையைச் சொன்னால் பத்து வீடும் என்னை என்ன செய்யும் என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை நாள் கட்டி வைத்திருந்த மண்டோரம்மா பட்டம் போய்விடுமே என்ற ஈனப் புத்தி இன்னொரு பக்கம். துக்காங் எமாஸ் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நின்றேன். கும்பிடக் கை எழவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் அவள் தோட்டத்துக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, வேலை செய்யாவிட்டால் கிழங்கில் பங்கு கிடையாது என்பதால் வந்தாள். நான் காட்டிய செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இதைத்தானே அக்கா என்றாள். ஆமாம் என்றேன். மண்வெட்டியை ஓங்கியவள் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள். வெட்டின கிழங்கை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள். மண்ணை உதறட்டுமா என்று கேட்டாள். வெயில் ஏறியது. அவள் உதடு வெடித்திருந்தது. வாளியில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"அக்கா, தண்ணி குடிக்கட்டுங்களா?"

அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, நானே தண்ணீரை மொண்டு கொடுத்தேன். அப்புறம் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டேன். ஓரத்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய், இது கசப்பு மரவள்ளி, அவித்தால் விஷம், நட்ட நாளிலிருந்து எனக்குத் தெரியும், உங்களிடம் சொல்லச் சொன்னார்கள், நான் சொல்லவில்லை என்றேன். இவள் என்னிடம் கேட்டாள், அப்போதும் சொல்லாமல் விரட்டினேன் என்றேன். இவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, பிள்ளையைக் கொன்றது நான்தான் என்றேன்.

ஒருத்தி என் காலடியில் காறித் துப்பினாள். அது எனக்குத் தகும். பிள்ளையின் தாய் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. பிள்ளை செத்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

வேறு யாரையாவது பொறுப்பாளராகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஜப்பான்காரன் முன்னால் போய் நிற்க யாரும் துணியவில்லை. நீயே திடலுக்குப் போ, அடி வாங்குவது உன் பாடு, தோட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் துப்பியவள். சரி என்றேன். என் சிவப்புச் சேலையைக் கிழித்து ஓரத்து வரிசையில் செடிக்குச் செடி கட்டினோம். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அவர்களிடம் ஒப்படைத்தேன். எந்தக் கடையில் எப்படிப் பேசுவது, சாவடியில் எவ்வளவு குனிவது, பத்து மலாய் வார்த்தை, எல்லாம்.

சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? முற்றாத கிழங்கைத் தோண்டினார்கள். ஒரு வரிசையைத் தண்ணீர் தேங்கி அழுகவிட்டார்கள். ஒரு பங்கு பிரிப்பதற்கு அரை நாள் சண்டை போட்டார்கள். நாக்கு நுனி வரைக்கும் வரும், கடித்துக்கொள்வேன். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் மண் சுமப்பேன். அடுத்த அறுவடை என்னுடையதைவிட நன்றாக வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதானா, இதை முன்னாலேயே விட்டுக்கொடுத்திருந்தால் என்ன என்றுதான் தோன்றியது.

நான் உண்மையைச் சொன்ன இரண்டு வாரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் தோட்டத்துக்கு வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. ஆனால் புதிதாக யாராவது வந்து சேர்ந்தால், வேறு எதையும் காட்டுவதற்கு முன்னால் சிவப்புத் துணி கட்டிய வரிசைக்குத்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று.

ஜப்பான்காரன் போனான். அவள் புருஷன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். என் கணவர் வரவில்லை. அரிசி கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு வந்ததும், மரவள்ளியை அழித்துவிடலாம் என்று முடிவானது. ஓரத்து வரிசையைப் பிடுங்க நான் தனியாகப் போனேன். அவள் பின்னாலேயே வந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். நடுவில் வந்து சந்தித்தோம். கடைசிச் செடியிலிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துணி வெளுத்துப்போயிருந்தது.

அன்றைக்கு இத்தனை வரிசை இருக்கும்போது இதை ஏன் தோண்டினாய் என்று அவளிடம் கேட்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. அன்றும் நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"உள்வரிசையெல்லாம் நீங்க பாத்துப் பாத்து வச்சிருந்தீங்க. இத நீங்க ஒருநாளும் தொட்டதில்ல. இதுல ரெண்டு மூணு செடி எடுத்தா அக்கா திட்டமாட்டாங்கன்னு நெனச்சேன்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னாள். பிடுங்கிய தண்டுகளை இரண்டு பேரும் சேர்ந்து சுமந்துபோய்த் தோப்பு ஓரத்தில் போட்டு எரித்தோம்.