ஜோலார்பேட்டை சீனாக்காரர் கடை

சாப்பிடுவதற்காக ரயில் ஏறுவோம் என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் நம்பமாட்டார்கள். ஆம்பூரில் இல்லாத சாப்பாடா என்று சிரிப்பார்கள். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு நாங்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவோம். நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் கூலி வேலை செய்தவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் வாசனை அவரை விட்டுப் போகாது. அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை மாதிரி வருவார். அம்மாவும் நானும் அவர் பின்னால் பாசஞ்சரில் ஏறுவோம்.

ஜோலார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட அந்தக் கடை. சீனாக்காரரும் அவர் சம்சாரமும் நடத்தினார்கள். கப்பலில் சமையல்காரராக மெட்ராசுக்கு வந்து, பிறகு ஒரு ரயில்வே துரை வீட்டில் சமைத்தவராம். துரை சீமைக்குப் போனதும் இங்கேயே தங்கிவிட்டார்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். அந்தக் கடைக்குள் நான் பிளந்த வாயை மூடியதே இல்லை. அவர் மாவை இரண்டு கையாலும் இழுப்பார், மடிப்பார், பலகையில் ஓங்கி அடிப்பார், மறுபடி இழுப்பார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கையில் இருந்த மாவு நூல் நூலாகத் தொங்கும். பிறகு இரும்புச் சட்டியைச் சாய்ப்பார். குப்பென்று நெருப்பு சட்டிக்குள்ளேயே குதித்து ஆடும். அவருக்குப் புருவம்கூட அசையாது. எரிந்தும் கருகாத முட்செடியைப் பற்றிப் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் சொன்னதை நான் அங்கேதான் நம்பினேன்.

நைனாவுக்கோ அதெல்லாம் பெரிதில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். சீனாக்காரரின் சம்சாரம் பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தை நைனா கையிலேயே கொடுப்பாள். ஆம்பூர் ஓட்டல்களில் எங்கள் ஆட்கள் வெளியே நின்று, தனியாக வைத்திருக்கும் குவளையில்தான் குடிக்க வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. ஏன் நைனா அங்கே போவதில்லை என்று கேட்டால், "அங்க கூட்டம் ஜாஸ்திம்மா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நைனா வேலை செய்யும் ஷாப்பின் கணக்குப்பிள்ளை ஒரு சிநேகிதரோடு உள்ளே வந்தார். நைனா கிண்ணத்தோடு துள்ளி எழுந்தார். சூடான குழம்பு அவர் சட்டையெல்லாம் கொட்டியது.

"இன்னாடா, நாற்காலி கேக்குதா உனக்கு?" என்றார் கணக்குப்பிள்ளை. சீனாக்காரரைப் பார்த்து, "இவன வெளிய அனுப்பு, நாங்க உக்காரணும்" என்றார்.

சீனாக்காரர் அடுப்பை விட்டு வந்தார். நைனாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். பக்கத்து நாற்காலியைத் துண்டால் துடைத்து, "இங்க எடம் கீது. உக்காரு" என்று கணக்குப்பிள்ளைக்குக் காட்டினார்.

கணக்குப்பிள்ளை நைனாவைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். நெருப்பை ஆட்டிவைக்கிறவருக்கு மனிதர்கள் எம்மாத்திரம் என்று நான் பெருமையோடு நினைத்துக்கொண்டேன். அம்மா நைனாவின் சட்டையைத் துடைத்தபடி, "போயிடலாங்க" என்றாள். நைனா, "சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார்.

மறுநாளிலிருந்து நைனாவைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிட்டார்கள். தோலில் இருக்கும் மயிர் கழல ஊறப்போடும் தொட்டி அது. சாயங்காலம் முழங்கை வரைக்கும் வெளுத்து வந்து நிற்பார். நைனாவுக்கு இன்னும் பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த மாதமும் ஜோலார்பேட்டைக்குப் போனோம். அம்மா வேண்டாம் என்றாள், நைனா கேட்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் விரல்களெல்லாம் வெடித்து, தோல் உரிந்திருந்ததால் அவரால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அம்மா சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

பெரியவர்கள்கூட இப்படி விளையாடுவார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம், கொஞ்சம் பொறாமையும்கூட. "எனக்கும்மா" என்று வாயை ஆவென்று திறந்தேன். நைனா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.