பத்துக்குக் கிளம்பி நாலுக்கு

என் அக்காவுக்கு டிரைவர்கள் வைத்த பட்டப்பெயர் கடிகாரம். பேருந்து நிலையத்தில் அவள் டைம் கீப்பர். கம்பி அடித்த சின்ன அறை, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன், முன்னால் ஒரு மைக். வண்டி கிளம்பிய நேரத்தை வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கழிப்பாள். கணக்கு உதைத்தால் டிரைவர் தொலைந்தான். "பஞ்சர், டிராபிக், எல்லாக் கதையும் கேட்டாச்சு, போ!" வீட்டிலும் அதே அதிகாரம்தான். அவள் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். காலை பத்துக்குக் கிளம்பி மாலை நாலுக்குச் சேரும். "ஆறு மணி நேரந்தானா! நம்ம மலை வண்டியே இதைவிட லேட்டாப் போகும்" என்று நிம்மதியாக அனுப்பிவைத்தாள். இங்கே பகல் என்றால் அங்கே இரவு என்பது அவளுக்குத் தெரியாததில்லை. தினமும் போனில் பேசியவள்தானே. அதை டிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அவள் அனுப்பும் பேருந்துகளுக்கு எந்த ஊர் போனாலும் ஒரே நேரம்.

ஒருநாள் காலையில் அத்தான் திடீரென்று போய்விட்டார். மகனுக்குச் சொன்னோம். "கிளம்பிட்டேன்மா" என்றான். அக்கா மாலை வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டோம். அவன் வந்தது மறுநாள் மாலைதான்.

"ஆறு மணி நேர வழிக்கு ஒன்றரை நாளாடா? அப்பனைவிட என்னடா பெரிய வேலை உனக்கு?"

"அம்மா, பிளைட்டு..."

"வண்டி மேல பழியப் போடாத!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருடமாக அவன் கூப்பிட்டால் போனை என்னிடம் தள்ளிவிடுவாள். எனக்கும் அவன்மேல் கோபம்தான்.

பேத்தி பிறந்தாள். மருமகள் அழுது அழுது எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பினாள். "குழந்தையப் பாக்கத்தான் போறேன், அவனைப் பாக்க இல்ல" என்று வீறாப்பாகக் கிளம்பினாள் அக்கா. அதே பத்து, அதே நாலு.

விமானம் ஏறியதும் எதிரே இருந்த திரையில் எழுத்து ஓடியது. தூரம் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பயண நேரம் பதினைந்தரை மணி.

அக்கா பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள். "இது ரிப்பேர் போல இருக்கு, பாரும்மா."

"சரியாத்தாம்மா காட்டுது. டிக்கெட்டுல போட்டிருக்கிற நாலு மணி அந்த ஊர் நேரம்."

அக்கா விரல்களை மடக்கி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எப்படி எண்ணினாலும், அத்தான் போன அன்று மாலைக்குள் அவனால் வந்திருக்கவே முடியாது. கிடைத்த முதல் விமானத்தில் ஏறி நேராக வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான்.

"அப்பன் செத்துட்டான்னு தெரிஞ்சு, பதினஞ்சு மணி நேரம்டி" என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "இந்த மாதிரி ஒரு சீட்டுல, தனியா. வந்தவன நான் வாசல்லயே நிறுத்திட்டேனே!"

சாப்பாடு வந்தது. அவள் தொடவில்லை. திரையை அணைக்கப் போன என் கையையும் தட்டிவிட்டாள்.

வெளியே மகன் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"அன்னைக்கு வர்ற வழியில ஏதாவது சாப்பிட்டியாடா?"

"இல்லம்மா" என்றான்.