காளான் அறை ஃபேனும் என் தங்கையும்

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஸ்கூட்டர் லைசென்ஸ், கேரம் போட்டிக் கோப்பை, இரண்டு ஓட்டல்களின் காளான் ஆர்டர், யாரும் குடிவர விரும்பாத ஒரு பின்னறை. இத்தனையும் என் தங்கை, ‘உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்’ என்று கேட்டவர்களிடமிருந்து வாங்கியவை. கோப்பையில் இப்போது கரண்டிகள் நிற்கின்றன.

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயின. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். தன் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று தெரியாததால், அவள் சொல்லும் ரகசியம் தெருமுனை வரை போகும். வாதத்தில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அதற்குமேல் நாம் பேசுவது சுவரோடுதான்.

மற்றவர்கள் காதால் அறிவதை அவள் உள்ளங்கையால் அறிகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிரிட்ஜின் மேல் கை வைப்பாள். நான் தைத்துக்கொண்டிருந்தால் மேஜையின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். “அக்கா, மிஷினுக்கு எண்ணெய் விடவே இல்லையா? வயித்துவலிக்காரி மாதிரி முனகுது.” எண்ணெய் விட்டிருக்கமாட்டேன்.

அந்தப் பின்னறையில் வைக்கோல் அடைத்த பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பைகளில் போட்ட துளைகள் வழியாகச் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். “என்னடி செல்லங்களா, ராத்திரி குளிரிச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் தண்ணீர் தெளிப்பாள். ஜன்னலில் ஒரு ஃபேன், உள்ளே தேங்கும் கெட்ட காற்றை வெளியே தள்ளும். அது நின்றுபோனால் காளானின் காம்பு மட்டும் நீண்டு, குடை விரியாமல் போய்விடும். அப்படிப்பட்டதை ஓட்டல்காரர் தொடமாட்டார்.

அறைக்கு நேர் மேலே ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். ஃபேன் சுற்றும்போது அவருடைய கட்டில் நடுங்கியது. கண் சிவக்க இறங்கி வந்தார்.

“தூங்காம போய் ஊசி போடறேன், கை ஆடுது. உனக்கென்னம்மா, காது கேக்காது, நிம்மதியா இருக்கே.”

“மாத்திக்கலாம் சிஸ்டர். உங்க காதைக் கழட்டிக் குடுங்க, நீங்க போய்த் தூங்குங்க” என்றாள் தங்கை.

நர்ஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் போனார். அவரும் வந்து, தங்கை உதட்டைப் பார்க்கும்படி நேரே நின்று சொன்னார்: “இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. சத்தம் நின்னாத்தான் அடுத்தது. நர்ஸம்மா சரின்னு சொல்லணும்.” அறை போனால் காளான் போகும். காளானை விட்டால் அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள்.

முதலில் சுவர் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தில் திருகியிருந்த ஃபேனின் அதிர்வு சுவர் வழியாக மாடிக்கு ஏறுவது அவளுக்குப் பிடிபட்டது. ஃபேனைக் கழற்றினாள். தரையில் ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுகளாக வெட்டி, ஃபேனை அதற்குள் ஊஞ்சல்போல் கட்டித் தொங்கவிட்டாள். அங்கிருந்து ஜன்னலுக்கு மடங்கும் குழாய் ஒன்றை மாட்டினாள். டம்ளரில் தண்ணீர் நிரப்பிச் சட்டத்தின் அருகில் வைத்தாள். தண்ணீர் அசையவில்லை. சுவரும் அசையவில்லை.

“செத்துப்போச்சு அக்கா, சத்தம் செத்தே போச்சு” என்று தெருவுக்கே அறிவித்தாள்.

மறுநாள் மத்தியானம் நர்ஸ் மறுபடி வாசலில் நின்றார். “கட்டில் ஆடலை. ஆனா ஹோன்னு ஒரு இரைச்சல் வருதே, அது எங்கே செத்துச்சு?”

தங்கைக்கு மூக்கின்மேல் கோபம். “பொய் சொல்றாங்க அக்கா. நான் எல்லா இடத்துலயும் தொட்டுப் பாத்துட்டேன்.”

நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். பொய்யில்லை. ஜன்னலில் இருந்து வெளியேறும் காற்றின் இரைச்சல் அப்படியே நர்ஸின் ஜன்னலுக்குள் புகுந்தது. அதைச் சொன்னபோது தங்கை என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். கைக்கு அகப்படாத ஒரு சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணை மூடப் போனாள்.

நர்ஸ் அவள் தோளைத் தட்டினார். பையிலிருந்து ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, பலூன்போல் ஊதி, முடிச்சுப் போட்டார். “எங்க வார்டுல காது கேக்காத பிள்ளைங்க இதை வச்சுத்தான் பாட்டு கேக்கும். பிடி.” தங்கையை மாடிக்கு இழுத்துப்போய், ஜன்னலருகே அதை அவள் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்தார். ஐந்து விரலோடு உப்பி, இரைச்சலுக்கு அதிர்ந்துகொண்டிருந்த அந்தக் கையுறையை அவள் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ சிஸ்டர்” என்றாள். “இதோடவா குடித்தனம் பண்றீங்க?”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு கட்சி. தங்கை ஃபேனின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். இரைச்சல் தணிந்தது, ஆனால் காளான் கழுத்தை நீட்டியது. சிறிய ஃபேனைக் கடையில் கொடுத்து, மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும் பெரிய ஃபேனாக மாற்றி வந்தாள். குழாயின் முடிவில் நீளமான மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தினாள். அதன் உள்பக்கம் முழுவதும் என் தையல் மிச்சப் பஞ்சு, பஞ்சு பறக்காமலிருக்க மேலே மெல்லிய துணி. பெட்டிக்குள் நட்டுவைத்த பலகைகளைச் சுற்றி வளைந்துதான் காற்று வெளியே வர முடியும். நான் கீழே ஃபேனைப் போட்டு நிறுத்த, அவர்கள் மாடியில் கையுறையைப் பிடித்துப் பார்ப்பார்கள். “இன்னும் முணுமுணுக்குது” என்று மேலிருந்து குரல் வரும். மறுபடி பெட்டியைப் பிரிப்போம். கடைசியில் ஒருநாள் குரல் வரவில்லை.

மறுநாள் மாலை நர்ஸ் தலை கலைந்தபடி ஓடி வந்தார். “அடியே, ஃபேன் நின்னுபோச்சா? நான்பாட்டுக்குத் தூங்கிட்டேன், உன் காளான் என்னாச்சோ?”

தங்கை ஓடிப்போய்ப் பெட்டியின் வாயில் முகத்தை வைத்தாள். முன்நெற்றி முடி பறந்தது. திரும்பி நர்ஸைப் பார்த்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். தங்கையின் சிரிப்பு தெருமுனை வரை போயிருக்கும்.

வீட்டுக்காரர் தாளோடு வந்தார். இதுவரை ஒப்பந்தம் எப்போதும் என் பெயரில்தான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், நாங்களும் மாற்றிக் கேட்டதில்லை. நான் பேனாவைத் திறந்தேன். தங்கை அதை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டாள்.

“அக்கா பேரு டைப் ஆயிடுச்சேம்மா” என்றார் வீட்டுக்காரர்.

“அடிச்சுட்டு மேல எழுதலாம் சார். அவ துணி தைக்கிறவ. காளான் வளர்க்கிறது நான்.”

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலையாட்டினார். தங்கை என் பெயரின்மேல் ஒரே நேர்கோடாக இழுத்தாள். அதற்கு மேலே தன் பெயரை நிதானமாக எழுதி, கீழே கையெழுத்திட்டாள். ஒப்பந்தம் ஒன்றில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது. மை காயும்வரை தாளை யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு நினைவு வந்தவளாக, பக்கத்தில் தேதியையும் அவளே எழுதினாள்: ஆகஸ்ட் 29.