உள்ளே தெரியாத பை

சண்டையால் கொழும்புப் பாதை அடிக்கடி பூட்டுப்பட்ட காலம் அது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் என் கணவர் ஒரு பொலித்தீன் பை மெசின் வைத்திருந்தார். உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி, நீளப் பலூனாக மேலே எழுப்பும். அதைத் தட்டையாக்கிச் சுருட்டி, வெட்டி ஒட்டினால் பை. உருக்குகிற பிளாஸ்டிக் மணி கொழும்பிலிருந்து வருவது குறைந்ததும், புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்த மாமா, இவருடைய தகப்பன், இவரைப் பிடித்துக்கொண்டார்.

"உந்த மெசினை வித்துப்போட்டுத் தோட்டத்துக்கு வா, தம்பி."

இவருக்கு மெசினை விட்டால் வேறு உலகமே இல்லை. எங்கிருந்தோ ஃபில்லர் மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். சுண்ணக்கல் மாவைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் செய்த வெள்ளை மணிகள். கலந்தால், இருக்கிற சரக்கு இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாலுக்குத் தண்ணி விடுற மாதிரியெல்லே இது?"

"எல்லா இடத்திலையும் போடினம். அளவோடை போட்டால் பழுதில்லை."

அந்த அளவுதான் இவருக்கும் பிடிபடவில்லை. கூடினால் பை கிழியும் என்று மட்டும் தெரியும்.

முதல் சுருள் தேங்காய்ப்பால் நிறத்தில் வந்தது. உள்ளே இருக்கிற சீலை தெரியவில்லை என்று புடைவைக்கடைக்காரர் திருப்பிவிட்டார். ஏசுவதற்கு வாயைத் திறந்த நான், இவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

பைகளை நானே குருநகர் மீன் சந்தைக்குக் கொண்டுபோனேன். நண்டு விற்கிற அக்கா ஒருவர் அரைமனத்தோடு ஒரு கட்டு வாங்கினார். அடுத்த கிழமை ஆள் அனுப்பி இன்னும் கேட்டார். ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக்கு வந்த மாமா, புத்தூர் பஸ் எடுக்க முன்னர் வீட்டுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. ஊர்க் கோயிலுக்குத் தலைவரானதிலிருந்து மீன் இறைச்சி தொடாதவர் என்று ஊரே சொல்லும். கையில் எங்கள் வெள்ளைப் பை. மெசினை விற்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"என்ன மாமா வாங்கினனீங்கள்?"

"கத்தரிக்காய், பிள்ளை."

அவர் சொல்லி முடிக்கவில்லை, கத்தரிக்காயின் கால் ஒன்று பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ஆடியது.

நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். இவரோ நண்டைப் பார்க்கவேயில்லை. குனிந்து கிழிசலைத் தடவினார்.

"ஃபில்லர் கூடிப்போச்சு, ஐயா. நாளைக்கே குறைக்கிறன்."

மாமா பதறிப்போனார்.

"குறைச்சால் உள்ளுக்கை இருக்கிறது தெரியுமெல்லே! வெள்ளை இப்பிடியே இருக்கட்டும். பையைத் தடிப்பாய் அடி."

அதற்குப் பிறகு மெசினை விற்கிற கதையை அவர் எடுக்கவேயில்லை.