இருந்து பார்த்தால் மறையும் வெளிச்சம்

கடலில் கோடு போட்டாயிற்று என்று வானொலியில் சொன்ன அன்று தொடக்கம் எனக்குச் சரியான நித்திரை இல்லை. டில்லிக்காரரும் கொழும்புக்காரரும் மேசையில் இருந்து கையெழுத்து வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. நல்லது. ஆனால் இந்தப் பக்கம் எங்கே முடிகிறது? வேலிக் கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்காகக் கோடு கச்சேரி ஏறி வழக்குப் பேசுகிற சனம் நாங்கள். எங்களிடம் கதியாலும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் ஓர் எல்லையைத் தந்தால் என்ன செய்வது?

எனக்கும் அக்காவின் புருசனுக்கும் சேர்த்து ஒரேயொரு எஞ்சின் வள்ளம் இருந்தது. இரண்டு வீட்டு உலையும் அதை நம்பித்தான் கொதித்தது. எல்லை தாண்டினால் வள்ளத்தைப் பிடித்து வைப்பார்கள் என்று கரையில் கதைத்தார்கள். பிடித்து வைத்த வள்ளம் வெயிலில் கிடந்து பலகை வெடிக்கும். பிறகு திருப்பித் தந்தாலும் விறகுக்குத்தான் உதவும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேறு எந்தத் தொழில் தெரியும்?

அத்தானுக்கு இந்த யோசனை ஒன்றுமில்லை. ஆள் நெடுவல். பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பார், அதுவும் ஊருக்கே கேட்க வாசிப்பார்.

"இந்து சமுத்திரம் முழுக்க இப்ப போர்க்கப்பல்தான் மச்சான். அமெரிக்கன் ஒரு பக்கத்தாலை வாறான், ருஷ்யன் மற்றப் பக்கத்தாலை வாறான். உவங்கள் உன்ரை அரைப் பறி மீனைப் பிடிக்கவோ வாறாங்கள்?"

"அமெரிக்கனுக்கு நான் பயப்பிடேல்லை அத்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் பயம்."

"உனக்கு உன்ரை நிழலுக்கும் பயம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடிப்பார். அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது.

கடற்றொழில் கந்தோரிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்து கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கடல் படத்தை விரித்துக் காட்டினார். நீலத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு. எல்லாரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, இது தண்ணியிலை எங்கை நிக்குது?"

"தண்ணியிலை நிக்காது அண்ணை. கணக்கிலைதான் நிக்கும்."

"அப்ப நாங்கள் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"நான் நீர்வேலியான். வாழைக்குலை வெட்டின ஆளிட்டைக் கடலைக் கேக்கிறியளே?"

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கரையிலிருந்து எத்தனை மைல் வரும் என்று இரண்டு தரம் சொல்லித் தந்தார். அதை வைத்துக்கொண்டு நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம். ஏறத்தாழ அவ்வளவு தூரம் போனால், எங்கள் கரையின் வெளிச்சவீட்டு வெளிச்சம் வள்ளத்தில் குந்தி இருந்து பார்க்க மறையும், எழுந்து நின்றால் தெரியும். அதுதான் எல்லை. இருந்து பார்த்து மறைந்தால் வலையை இழுத்துக்கொண்டு திரும்பவேண்டும்.

முடிவெடுத்து ஒரு கிழமை ஆகவில்லை, சண்டை தொடங்கிவிட்டது. யாருடைய கண்? நான் கட்டை, அத்தான் நெடுவல். நான் மறைந்துவிட்டது என்பேன், அவர் தெரிகிறது என்பார். எஞ்சின் பெட்டியில் ஏறி நின்றுகொண்டு, "வடிவாய்த் தெரியுது மச்சான், நாங்கள் இன்னும் வீட்டு வளவுக்குள்ளைதான்" என்பார். அலை தூக்குகிற நேரம் நாங்கள் இலங்கையில் இருப்போம், இறக்குகிற நேரம் இந்தியாவில் இருப்போம். ஒரு வலை இழுத்து முடிப்பதற்குள் எத்தனை தரம் நாடு மாறுவது? இப்படியெல்லாம் வந்து முடியும் என்று மேசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

தென்மேற்குக் காற்று வீசுகிற ஒரு சோளகக் காலத்தில் அது நடந்தது. காற்றுப் பலமாக இருந்ததால் அன்று தூரம் போகவில்லை. மாலைக் கருக்கலில் வழிச்சல் வலையை விட்டோம். கல்லுக் கட்டி நிறுத்துகிற வலையல்ல அது, நீரோட்டத்தோடு தன்பாட்டில் போகும். அதன் தூரத்து நுனியில் மிதவைமேல் ஓர் அரிக்கன் லாம்பு, இந்த நுனி எங்கள் வள்ளத்தோடு கட்டியிருந்தது. வலையை விட்டு முடித்து நான் தெற்கே பார்த்தேன். வெளிச்சம் இல்லை.

"அத்தான், காணேல்லை."

"இரு, தொடங்கியிட்டாய்."

எஞ்சின் பெட்டியில் ஏறினார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். இறங்கினார். திரும்பவும் ஏறினார். "மச்சான், உண்மையாய்க் காணேல்லை" என்றபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

எவ்வளவு தூரம் வந்தோம் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளிச்சம் இல்லை என்றதும் தெரிந்ததெல்லாம் போய்விட்டது. எங்கள் கரை தட்டைக் கரை, பொழுதுபட்டால் பனையும் தெரியாது. வெளிச்சவீட்டில் அன்று லாம்பு ஏற்றப் பிந்தியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரு சொட்டும் தோன்றவில்லை. நீரோட்டம் எங்களைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் வந்தது. கொடி தெரியவில்லை. பயமே அறியாத என் அத்தான் கத்தியை எடுத்து வலைக் கயிற்றை அறுத்தார். "எஞ்சினைப் போடு!" என்று கத்தினார். தெற்கே ஓடினோம்.

எங்களால் என்ன ஓட முடியும்? கப்பல் முன்னுக்கு வந்து மறித்தது. எங்கள் நாட்டு நேவிதான். அதிகாரி சிங்களத்தில் கேட்க, ஒரு சிப்பாய் உடைந்த தமிழில் சொன்னான்.

"ஏன் ஓடுறது?"

"கோடு, ஐயா."

"என்ன கோடு?"

"இந்தியாக் கோடு. தாண்டியிட்டம் எண்டு..."

அதிகாரி அதைக் கேட்டுவிட்டு வடக்கே கையை நீட்டி ஏதோ சொன்னார். கோட்டுக்குப் பாதி வழிகூட நாங்கள் போகவில்லையாம். பிறகு வள்ளத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். சோற்றுப் பார்சல், தண்ணீர்க் கலன், வேறொன்றுமில்லை.

"வலை எங்க?"

"வெட்டிப்போட்டம்."

"மீன் புடிக்கிற ஆள் வலை வெட்டுறதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலையும் இல்லை, மீனும் இல்லை, கப்பலைக் கண்டதும் ஓட்டம். சாமான் கடத்துகிறவர்களைத் தவிர வேறு யார் அப்படி ஓடுவார்கள்? வள்ளத்தைத் துறைமுகத்துக்குக் கட்டியிழுக்கக் கயிறு எடுத்தார்கள். அடுத்த நாட்டுக்காரன் பிடிப்பான் என்று நான் பயந்த வள்ளம் சொந்த நாட்டுக்காரனிடம் போகப் பார்த்தது. நான் கும்பிட்டேன். "ஐயா, வலையைத் தேடித் தாறம். அதிலை லாம்பு இருக்கு."

கப்பல் பின்னால் வர, நீரோட்டம் போன பக்கமாகத் தேடினோம். அத்தான் வள்ளத்தின் முன் அணியத்தில் குந்தியிருந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்தான் லாம்பைக் கண்டார். சிப்பாய் வள்ளத்துக்குள் குதித்தான். எங்கள் வள்ளத்தில் கட்டியிருந்த கயிற்றுத் துண்டையும் வலையில் கிடந்த கயிற்றையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். ஒரே கயிறு, ஒரே வெட்டு. வலையை இழுக்கச் சொன்னார்கள். சூடைக் குஞ்சுகளோடு ஒரு பெரிய அறுக்குளா மீனும் வந்தது. சிப்பாய் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. அறுக்குளாவை அவனிடமே கொடுத்தோம். இழுக்க எடுத்த கயிற்றைக் கப்பலில் திரும்பச் சுற்றி வைத்தார்கள்.

கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது தெற்கே வெளிச்சவீடு எரிந்தது. நான் இருந்துதான் பார்த்தேன். அலைக்கு மறையாமல், நல்ல உயரத்தில் நின்றது.

கரையில் அக்கா லாம்போடு நின்றா. "ஏன் இவ்வளவு பிந்தினது?"

"உன்ரை தம்பியைக் கேள்" என்றார் அத்தான். "இந்தியாவுக்குப் போட்டு வாறார்."

"கயிற்றை அறுத்தது ஆர் அத்தான்?" என்றேன்.

அவர் வள்ளத்தைக் கரையேற்றித் தடி கொடுத்து நிறுத்திவிட்டு, அறுந்த கயிற்றின் இரண்டு நுனிகளையும் எடுத்து முடிச்சுப் போட்டார். அடுத்தநாள் கருக்கலில் வலை விடும்போது அந்த முடிச்சு என் கையில் வந்தது. தெற்கே பார்த்தேன். வெளிச்சம் இருந்தது. எஞ்சின் பெட்டி வெறுமையாகக் கிடந்தது, அத்தான் எனக்குப் பக்கத்தில் இருந்து, "தெரியுதோ?" என்று என்னைக் கேட்டார்.