ஜனவரியில் பிரித்த பெட்டி

காலையில் எழுந்ததும் தேனீப் பெட்டிகளின் மேலிருந்து கம்பளிகளை எடுத்து மடித்து வைக்கிறேன். மார்த்தாண்டத்தில் யாரிடமாவது இதைச் சொன்னால், "லே, வெயிலு ஒனக்க மண்டையில ஏறிட்டா?" என்பார்கள். ஆனால் இங்கே, அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், ஜனவரி விடியலில் பல் கிட்டிக்கொள்ளும். ஒன்பது வருடம் கட்டட சைட்டில் கிடந்துவிட்டுப் போன கோடையில்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். தொழிலாளர் கேம்ப்பில் நான் போர்த்திய கம்பளியும் இப்போது ஒரு பெட்டியின் மேல்தான் கிடக்கிறது. கம்பளியை எடுத்தபின் ஒவ்வொரு பெட்டியையும் பின்பக்கமாக லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். கனம் குறைந்திருந்தால் சீனிப்பாகு வைக்க வேண்டும். அடிக்கடி திறக்கக் கூடாது. காதை வைத்துக் கேட்கலாம், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். பெரிய வேலையொன்றுமில்லை, ஆனாலும் அலுத்துப்போகிறது.

மே மாதம் மகள் ஷைனிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள். "அப்பா, நான் மெழுகுதிரி பிடிச்சிட்டு நடக்கும்போ நீங்க பக்கத்துல நிக்கணும், கேட்டியளா?" என்று ஞாயிறுதோறும் போனில் சொல்வாள். அக்டோபரில் தோட்டத்து முதலாளியான அர்பாபிடம் லீவு கேட்டேன். குளிர் போனபின் நாற்பது பெட்டியும் நன்றாயிருந்தால் பார்க்கலாம் என்றார். நான் அந்த நாற்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டிசம்பரில் ஒரு பெட்டி செத்தது.

ஊரில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது தேன் வரும். அதற்கு முன்னாலேயே கூட்டத்தைப் பிரித்துப் பெட்டிகளைப் பெருக்கிவிடுவோம். சின்ன வயதிலிருந்து செய்த வேலை, கை தானாகப் போயிற்று. ஜனவரி முதல் வாரம் பலமான பெட்டியொன்றை இரண்டாகப் பிரித்தேன். மறுபடி நாற்பது. பத்தே நாளில் இரண்டிலும் ஈக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் தேனீ சூடு பிடிக்கும். பாதிக் கூட்டத்தால் அது ஆகாது. ரப்பரே இல்லாத ஊரில் ரப்பர் மாதம் பார்த்த மடையன் நான்.

திரும்பச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. பிரிந்த பத்து நாளில் வாசனை மாறிவிடும், அப்படியே சேர்த்தால் அடித்துக்கொண்டு சாகும். ராணியுள்ள பெட்டியின் மேல் செய்தித்தாளை விரித்து, ராணியில்லாத பாதியை அதன்மேல் வைத்தேன். தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டு வாசனையும் கலந்துவிடும். மூன்றாம் நாள் வாசலில் தாள்துணுக்கு தவிடுபோல் கிடந்தது. செத்த ஈக்களையும் இழுத்து வெளியே போட்டிருந்தன. உள்ளே உயிர் இருந்தால்தானே வீட்டைக் கூட்டும்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரிக் கடைசியில் அர்பாப் வந்தார். ஈக்கள் காலில் மகரந்தம் அப்பிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பதுதான் இருக்கிறது என்று தலைகுனிந்து சொன்னேன். அவருக்கு நாற்பது என்று சொன்ன நினைவே இல்லை. "மாஷா அல்லா! மக்கி பஹுத் அச்சா" என்று ஈக்களை மெச்சி என் தோளில் தட்டினார். புதுநன்மையைச் சொல்லி லீவை நினைவூட்டினேன். "மே மாசம் சமர் மரம் பூத்துத் தேன் வர்ற நேரம். தும் ஜாயேகா தோ கோன் தேக்கேகா?" என்றார். நீ போனால் யார் பார்ப்பது என்று கேட்கிறார், அதுவும் பாராட்டாக. தேன் எடுத்தபின் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் போகலாமாம். மனிதர் கெட்டவரல்ல. ஈக்கள் எல்லாம் செத்திருந்தால் நான் போயிருப்பேன் என்று நினைத்தேன். நினைத்ததற்காக அவற்றிடம் வெட்கப்பட்டேன்.

செத்த பெட்டியின் பழைய தேனடைகளை உருக்கி ஒரு மெழுகுதிரி வார்த்தேன். லீவில் போகும் குளச்சல்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த ஞாயிறு ஷைனி பேசினாள்.

"நல்ல தேன் மணம் அப்பா. ஆனா திரியக் கத்திச்சா எரிஞ்சு தீந்திருமே?"

"பாதி கத்திச்சா போதும் மக்களே. மிச்சத்த வச்சிரு. நான் வந்து பக்கத்துல நின்ன பெறவு சேந்து கத்திப்போம்."

பாதியில் சூடு நிற்காது என்பதை ஜனவரியில்தான் கற்றிருந்தேன். ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.